ரங்கம்மாள் பரணில் இருந்த கொலைகாரன்

ரங்கம்மாளுக்கு வாய் நிற்காது. அதை அவள் புருஷன் சொல்வான், தெரு சொல்லும், அவளே சொல்வாள். ஆனால் அந்த வாயிலிருந்து பொய் வந்ததாக ஆம்பூரில் அவள் இருந்த தெருவில் ஒருத்தரும் சொன்னதில்லை. யார் வீட்டுப் பெண்ணையாவது கேட்டு வருகிறவர்கள், அந்த வீட்டுக்குள் நுழையும் முன்னால் ரங்கம்மாள் வீட்டு வாசலில் தண்ணீர் கேட்கிற மாதிரி நின்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள்.

"பொண்ணு தங்கமான பொண்ணு. சோறு மட்டும் குழைச்சிடுவா. மாமியாரு கொஞ்சம் பொறுத்துக்கணும்" என்பாள்.

பெண்ணைப் பெற்றவள் ஒரு மாதம் பேசமாட்டாள். அப்புறம் பேசுவாள். கல்யாணம் ஆன பிறகு சோற்றை வைத்துச் சண்டை வராது இல்லையா, முன்னமே தெரிந்துதானே கட்டிக்கொண்டு போனார்கள்.

அவள் பிறந்தது ஒடுகத்தூர்ப் பக்கம். மல்லாட்டைக் காட்டில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டே, பாதிரியார் வைத்த பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்தாள். கூட்டெழுத்துப் போடத் தெரியாது. அச்சடித்ததைத் தடங்கல் இல்லாமல் படிப்பாள். கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்தாள். புருஷன் சம்பத்துக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நாள் முழுக்கத் தொட்டிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போட்டு, அவன் கையும் காலும் வெந்துபோயின. விரலை மடக்க முடியாமல் ஆனதும் அவனை வாசலில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். காவல்காரன் கூலியில் அடுப்பு ஒரு வேளை எரியும். மறு வேளைக்கு ரங்கம்மாள்தான் வழி பார்க்க வேண்டும்.

அப்போது அவளுக்குக் கிடைத்ததுதான் சுப்பராயன் அச்சுக்கூடத்து வேலை. கல்யாணப் பத்திரிகை, தோல் ஷாப்புக்காரர்களின் பில், கோயில் நோட்டீசு என்று அடித்துக்கொண்டிருந்த சின்ன அச்சுக்கூடம். பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அச்சான தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, மாட்டுக்கொம்புத் துண்டால் அழுத்தித் தேய்த்து, ஊசி நூலால் தைத்து, மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து அட்டை ஒட்டித் தர வேண்டும். துத்தம் போடாவிட்டால் பூச்சி தின்றுவிடும். ரங்கம்மாள் தைத்தால் தாள் பிரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது தாண்டிய சமயம். பட்டணத்திலிருந்து வருகிற துப்பறியும் கதைகளை ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு படித்தது. சுப்பராயனுக்கு ஆசை வந்துவிட்டது. தோல் ஷாப்பு ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தேவசகாயம் என்பவரைப் பிடித்தார். தேவசகாயம் கூச்ச சுபாவம், நாலு பேர் இருந்தால் பேசமாட்டார். ஆனால் பேனாவை எடுத்தால் பக்கத்துக்கு ஒரு பிணம் விழும். தோல் தரகர் நரசப்பன் என்று ஒருவரைப் படைத்தார். நரசப்பன் தோலைத் தடவிப் பார்த்து, மோந்து பார்த்து, ஆடு எந்த ஊர் ஆடு, அறுத்து எத்தனை நாள் என்று சொல்லுகிறவர். அதே மூக்கை வைத்துக்கொண்டு கொலைகாரனையும் பிடிப்பார்.

மாதம் ஒரு கதை, ஒவ்வொன்றும் இரண்டு பாதி. மாத ஆரம்பத்தில் முதல் பாதி, கொலை. பதினைந்து நாள் கழித்து மறுபாதி, கொலைகாரன். ரயிலடியிலும் சந்தையிலும் விற்பனை. சுப்பராயன் சிக்கனக்காரர். மெஷினை இரண்டு தரம் ஓட்டுவானேன் என்று இரண்டு பாதியையும் ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்து நடுவில் வெட்டிவிடுவார். அச்சுக்கூடத்துக் கூரை ஒழுகும், கட்டுகளை வைக்க அங்கே இடமில்லை. அதனால் இரண்டு பாதியும் ரங்கம்மாள் வீட்டுக்கு வரும். முதல் பாதியைத் தைத்துக் கொடுப்பாள். மறுபாதி பதினைந்து நாள் அவள் வீட்டுப் பரண்மேல் கிடக்கும்.

அதாவது, ஊரெல்லாம் தேடுகிற கொலைகாரன் அவள் பரண்மேல் படுத்திருப்பான். தைக்கிறவள் படிக்காமல் இருப்பாளா?

முதல் கதை "ஆவாரம்பட்டை வண்டி". தோல் பதனிடப் பட்டை ஏற்றிவந்த வண்டிக்குள் ஒரு மண்டிக்காரர் பிணமாகக் கிடக்கிறார். முதல் பாதி ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தது. மறுநாள் கிணற்றடியில் எல்லாரும் அதே பேச்சு.

"அந்தப் பாவி யாரா இருக்கும்?" என்றாள், வடை சுட்டு விற்கிற சுந்தரி.

"மச்சினன்காரன்தான்" என்றாள் ரங்கம்மாள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே.

அவ்வளவுதான். ரங்கம்மாள் சொன்னால் அப்பீல் கிடையாது. மறுபாதி வெளிவந்த நாளில் வாங்க ஆளில்லை. மீந்துபோன புஸ்தகத் தாளில் சுந்தரி வடை சுற்றிக் கொடுத்தாள். நரசப்பன் துப்புத் துலக்கின பக்கமெல்லாம் எண்ணெய்.

சுப்பராயன் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா ரங்கம்மா, நீதான் சொன்னியாமே?"

"ஆமா. கேட்டாங்க, சொன்னேன். சொல்லக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களா, முதலாளி?"

"இத ஒருத்தன் சொல்லணுமா?"

"எனக்குச் சொல்லணும்."

சுப்பராயன் கையைப் பிசைந்தார். "வேலூர்ல பைண்டிங் கடைக்காரன் கூப்டுக்கினே இருக்கான். அங்க குடுத்தா ரயில் கூலிதான் ஜாஸ்தி, வேற தொந்தரவு கெடையாது. இன்னொரு தரம் வெளிய வந்துது, எல்லாத்தயும் அங்க அனுப்பிடுவேன். அப்புறம் என்னைக் கொற சொல்லாத."

அவர் போன பிறகு ரங்கம்மாள் அடுப்பைப் பார்த்தாள். சம்பத் மடங்காத விரலால் பீடியைப் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டினாள்.

இரண்டாம் கதை வந்தது. பக்கத்து வீட்டு அன்வரி பேகம் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் முக்தார் அகமது, சம்பத் வேலை செய்கிற ஷாப்பிலேயே தோலைத் தரம் பிரிக்கிற மேஸ்திரி. அன்வரிக்கு உருதுதான் படிக்கத் தெரியும். தமிழ்க் கதையை அவள் மகள் ஃபரீதா படித்துச் சொல்வாள்.

"இன்னா ரங்கம்மா, யாரு கொன்னது?"

"சொல்ல மாட்டேன், பீபிம்மா. பொழப்பு போய்டும்."

"சரி, சொல்ல வாணா." அன்வரி வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "டாக்டரா?"

"இல்ல."

"ஸ்டேஷன் மாஸ்டரா?"

"ஐயோ, அவரு இல்ல."

"அந்தத் தங்கச்சிக்காரியா?"

"அது பாவம், அது இல்ல."

"போர்ட்டரா?"

ரங்கம்மாள் ஊசியைத் தேட ஆரம்பித்தாள். ஊசி கையில்தான் இருந்தது.

"ஹை! போர்ட்டர்தான்!" என்று அன்வரி கைதட்டினாள். "அல்லா மேல சத்தியமா யாருக்கும் சொல்ல மாட்டேன்."

அவள் முக்தாருக்கு மட்டும் சொன்னாள். முக்தார் தரம் பிரிக்கிற கொட்டகையில் மட்டும் சொன்னார். சாயங்காலம் ஷாப்பு விடுவதற்குள் சுண்ணாம்புத் தொட்டிக்காரன் வரைக்கும் தெரிந்துபோனது. பொய் சொல்லத் தெரியாதவள் வாயை மூடிக்கொண்டாலும் பயனில்லை. மற்ற பேருக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு பேருக்கு மட்டும் பேசாமல் இருந்தால், அது தண்டோரா போட்ட மாதிரிதானே?

சுப்பராயன் இந்தத் தடவை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மூணாவது கத ஏற்கெனவே உன் பரண்ல கெடக்குது. அதோட முடிச்சுக்கலாம், ரங்கம்மா" என்றார்.

"மூணாவது வெளிய போவலன்னா?"

"போவலன்னா பாக்கலாம்."

மூன்றாவது கதைக்கு அன்வரி வந்து உட்கார்ந்து வெற்றிலையை மடிக்கும் முன்பே ரங்கம்மாள் சொன்னாள்: "சமையக்காரன், பீபிம்மா."

கதையில் சமையல்காரன் ஒரு பாவமும் அறியாதவன். சோறு வடித்தானே தவிர வேறெதுவும் செய்யவில்லை. அன்வரி ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. "நெனச்சேன், அவன் மூஞ்சியே சரியில்ல" என்று எழுந்து போனாள். புஸ்தகத்தில் அவன் மூஞ்சியைப் பற்றி ஒரு வரி கிடையாது.

ரங்கம்மாளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு ஜாஸ்தியானால் நாக்கு பொத்துப்போகுமே, அந்த மாதிரி இருந்தது. இருந்தாலும் ஆரம்பித்தாகிவிட்டது. கிணற்றடியில் சுந்தரி கேட்டபோது, "மருமவன்" என்றாள். வீட்டில் சம்பத் கேட்டான்.

"வக்கீலு."

"வக்கீலா? அவன் நல்லவனாச்சேடி!"

"நல்லவன்தான் பண்ணுவான். படுத்துத் தூங்கு."

இரண்டு நாளில் ஷாப்பில் அடிதடி. முக்தார் மேஸ்திரி சமையல்காரன் என்றார். சம்பத் வக்கீல் என்றான். வடை வாங்கப் போய்வந்தவர்கள் மருமகன் என்றார்கள். "ரங்கம்மாவே சொன்னா!" "எங்கிட்டதான் சொன்னா!" என்று ஆளுக்கு ஆள் தொடை தட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"இன்னாம்மா இது, ஒரு கொலைக்கு எத்தினி பேரு?" என்றார் முக்தார்.

"வர்ற வாரம் புஸ்தகம் வருது, மேஸ்திரி. வாங்கிப் பாருங்க."

மறுபாதி காலையிலேயே காலி. கொன்றது செத்தவரின் கூட்டாளி. அவன் பேரை ரங்கம்மாள் எந்த வீட்டிலும் சொல்லவில்லை. அடுத்த கதையின் கட்டைச் சுப்பராயனே சுமந்துகொண்டு வந்து தொம்மென்று தரையில் வைத்தார். வேலூர்ப் பேச்சை எடுக்கவில்லை.

அன்வரி மட்டும் வாசல்படியில் நின்றுகொண்டு, "எனக்குமா?" என்று கேட்டாள்.

"பொழப்பு, பீபிம்மா."

அன்வரி படியை விட்டு இறங்கிப் போனாள். ஆனால் அந்தப் பெருநாளைக்கு ஒரு கிண்ணம் சேமியா அனுப்பாமல் இருக்கவில்லை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரங்கம்மாள், "ரொம்ப நல்லாருந்துது" என்று சொல்லி அனுப்பினாள். அப்படியெல்லாம் சொல்லுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மனசு உறுத்தியது, அதனால் சொன்னாள்.

அப்புறம் தெருவே புத்திசாலியாகிவிட்டது. முக்தார் மேஸ்திரிக்கு நாளெல்லாம் தரம் பிரிக்கிற வேலைதானே? ஓட்டை விழுந்த தோல் ஒரு பக்கம், உரிக்கும்போது கத்தி பட்டது ஒரு பக்கம், நல்ல தோல் ஒரு பக்கம். அதே மாதிரி, ரங்கம்மாள் எந்தெந்த வீட்டில் எந்தப் பேரைச் சொன்னாள் என்று விசாரித்துப் பேர்களைக் கழித்துக்கொண்டே வந்தார். "யாரு பேர இந்த அம்மா எங்கயும் சொல்லலயோ, அவன்தான் ஆளு" என்றார் ஐந்தாவது கதைக்கு. அடித்துச் சொன்ன மாதிரி சரியாக இருந்தது.

ரங்கம்மாள் யோசித்தாள். ஆறாவது கதையிலிருந்து ஏதாவது ஒரு வீட்டில் நிஜத்தையே சொல்லிவிட்டாள். ஒரு மாதம் சுந்தரிக்கு, ஒரு மாதம் சம்பத்துக்கு. எந்த மாதம் எந்த வீட்டுக்கு நிஜம் போகிறது என்று பரணுக்கும் அவளுக்கும்தான் தெரியும். மேஸ்திரியின் கழித்தல் கணக்கு கவிழ்ந்தது. மறுபாதிக்காகச் சந்தையில் ஆட்கள் முன்கூட்டியே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பள்ளிகொண்டாவிலிருந்துகூட ஆள் அனுப்பி வாங்கினார்கள்.

வருஷம் முடிந்து பன்னிரண்டு கதையும் ஆனது. சுப்பராயன் எல்லாவற்றையும் ஒரே புஸ்தகமாகப் போடத் தீர்மானித்தார். "பாலாற்றுத் துப்பறியும் கதைகள்" என்று பேர். முதுகுக்கு ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோல். தான் வேலை செய்த ஷாப்பில் கழித்துப் போட்ட துண்டுகளை முக்தார் மேஸ்திரியே பொறுக்கி எடுத்துக் கொடுத்தார். எல்லாம் சரி. ஆனால் மெல்லிய புஸ்தகமாக ஏற்கெனவே வாங்கிப் படித்தவன் இதை எதற்கு வாங்குவான்? அதற்காகத் தேவசகாயத்திடம் பதின்மூன்றாவதாக ஒரு புதுக் கதை எழுதி வாங்கினார். தனியாக எங்கேயும் வராது, அந்தப் புஸ்தகத்தில் மட்டும்தான். அதன் முதல் பக்கத்தை மட்டும் நோட்டீசாக அடித்து ஊரெல்லாம் ஒட்டினார்.

"ரங்கம்மா, போட்ட மொதலெல்லாம் அந்த ஒரு கதமேலதான் நிக்குது" என்றார். "அது வெளிய போச்சுன்னா புஸ்தகமே படுத்துடும். பேசாம இத மட்டும் வேலூர்ல தைக்கக் குடுத்துடட்டுமான்னு பாக்கறேன். தோல் முதுகு வேற."

தோல் முதுகு போட்ட பெரிய புஸ்தகத்தை ஒரு தடவை வேலூர்க்காரன் தைத்துவிட்டால், அப்புறம் மெல்லிசுப் புஸ்தகமும் அங்கேதான் போகும். ரங்கம்மாளுக்கு அது தெரியும்.

"இங்கயே குடுங்க, முதலாளி. நான் நெசத்தையே சொல்றேன். கிணத்தடியில நின்னு கத்தியே சொல்றேன். ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சுப்பராயன் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

கட்டுகள் வந்தன. அவள் சொன்னபடியே செய்தாள்.

"இந்தத் தடவ யாரு, அக்கா?" என்று கேட்டாள் சுந்தரி.

"போஸ்ட்மேன்."

கிணற்றடியே சிரித்தது. "அப்போ போஸ்ட்மேன் இல்ல, அவன உட்டுடுங்கடி!" என்றாள் சுந்தரி.

ரங்கம்மாள் வீட்டுக்கு வந்து தோலைச் சீவ உட்கார்ந்தாள். ஓரத்தை வெற்றிலை மாதிரி மெல்லிசாகச் சீவினால்தான் அட்டைமேல் மடங்கும். அவள் சீவிக்கொண்டிருந்தபோது வாணியம்பாடியிலிருந்து பெண் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு. வழியில் யாரோ ஏதோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அவர்கள் ரங்கம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். தமக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். தண்ணீர் கேட்காமல் நேரே எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வேலை நிலைத்தது. வாசல் வெறிச்சென்று இருந்தது. கையிலிருந்த கத்தி வழுக்கி ஒரு துண்டுத் தோல் வீணானது.

அன்வரி பேகம் வழக்கம்போல வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தது ரங்கம்மாளுக்குத் தாங்கவில்லை.

"பீபிம்மா, போஸ்ட்மேன்தான். என் தாலி மேல சத்தியமா."

"போ ரங்கம்மா, பேஜார் பண்ணாத" என்று அன்வரி சிரித்தபடியே வெற்றிலையை மடித்தாள். "உன் பொழப்பு, நீ பாரு. நான் ஒண்ணும் நெனச்சிக்கல."

புஸ்தகம் வெளிவந்தது. விற்பனையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு குறை, மழைக்காலத்தில் தோல் முதுகில் இருந்து ஷாப்பு வாசனை கிளம்பியது. மெட்ராஸில் வாங்கினவர்கள் முகம் சுளித்தார்கள். ஆம்பூர்க்காரர்களுக்கு அது வாசனையாகவே தெரியவில்லை. இரண்டாம் பதிப்புக்குச் சுப்பராயன் தோலை விட்டுவிட்டுக் காலிகோ துணிக்கு மாறினார். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு வரியும் சேர்த்தார்: "முடிவை அறிய விரும்புவோர் கடைசிப் பக்கத்தைப் பார்க்கவும். ஆம்பூரில் யாரையும் கேட்டுப் பயனில்லை." அதையும் ரங்கம்மாள்தான் தைத்தாள்.

ஆனால் அது பின்னால். முதல் பதிப்பு வந்த வாரம் ஒரு மத்தியானம், ஃபரீதா பதின்மூன்றாவது கதையைப் படித்து முடித்த கையோடு, அன்வரி பேகம் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு வேகமாக வந்தாள். மூச்சு வாங்கியது.

"போஸ்ட்மேன்தான்!"

"ஆமா."

"நெசத்த சொல்லியிருக்க!"

"சொன்னேனே."

அன்வரி உட்கார்ந்தாள். புஸ்தகத்தின் தோல் முதுகைத் தடவிப் பார்த்தாள். அவள் புருஷன் பொறுக்கிக் கொடுத்த தோல், ரங்கம்மாள் சீவி ஒட்டின தோல்.

"ஆனா அந்தச் சமையக்காரன் பொய்யி."

"அது பொய்யி. அப்புறம் உங்களுக்குச் சொன்னதெல்லாமே பொய்யிதான், பீபிம்மா. இது ஒண்ணுதான் நெசம்."

"நீ சொன்னதே நல்லா இருந்துது போ. தேவசகாயம் எழுதறது இழுவ." அன்வரி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் ரங்கம்மா, அன்னிக்கு சேமியா அனுப்பினேனே. ரொம்ப நல்லாருந்துதுன்னியே. அது?"

ரங்கம்மாள் ஊசியில் நூலைக் கோத்தாள். பல்லால் கடித்து முனையை வெட்டினாள்.

"சக்கர ஜாஸ்தி. முந்திரி கம்மி. பால் அடி புடிச்சுப் போச்சு."

அன்வரி பேகம் எழுந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். புஸ்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் ரங்கம்மாளிடம் பேசவில்லை.

அந்த ஒரு வாரமும் கிணற்றடியில் அவளுக்கு வேறு பேச்சு இல்லை. "அடி புடிச்சதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றா, பாத்தியா சுந்தரி? பன்னெண்டு வருஷமா செய்யறேன், ஒருத்தர் சொன்னதில்ல." கேட்டவர்கள் எல்லாம் அவள் பக்கம் தலையாட்டினார்கள். ஆனால் அந்தச் சேமியாவைத் தின்னாதவர்கள் அந்தத் தெருவில் யார்? ரங்கம்மாள் சொன்னது நிஜம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் காவேரிப்பாக்கத்திலிருந்து பெண் கேட்டு வந்த ஒரு கிழவி, அன்வரி வீட்டு வாசலில் வழி கேட்டுவிட்டு, நேரே ரங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றாள்.

ரங்கம்மாள் தைத்துக்கொண்டிருந்த புஸ்தகத்தைக் கீழே வைத்துவிட்டுச் செம்பை எடுக்கப் போனாள்.